கலைந்த அணிகள் – 9: ஏணிக்கு முந்திய கிண்ணம்

சென்ற பகுதியில் எப்.சி. கொச்சினின் கணக்கை முடித்தோம். 1997இல் பிறந்து, பிறந்த ஆண்டே டியூரண்ட் கிண்ணத்தைத் தூக்கி, 2002இல் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் கதவைச் சாத்திய கழகம் அது. இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கும் கழகம் காலத்தாலும் நமக்குக் கிட்ட, கடலாலும் கிட்ட. சென்னை சிற்றி எப்.சி. பெயரில்தான் சென்னை. ஆடியது கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில். கோல்களைக் குவித்தவர்கள் ஸ்பெயினிலிருந்து வந்தார்கள், பயிற்றுவிப்பாளர் சிங்கப்பூரிலிருந்து வந்தார். அந்த ஆரஞ்சுச் சட்டைக்கு முதன்முதலில் பேர் வாங்கிக் கொடுத்த பையன் வந்ததோ கன்னியாகுமரி மாவட்டத்து மீன்பிடிக் கிராமமொன்றிலிருந்து. இத்தனை ஊர் கலந்த அணி ஒன்று ஒருமுறை இந்தியாவின் லீக் கிண்ணத்தை வென்றது. மூன்று ஆண்டு கழிவதற்குள் லீக் அட்டவணையில் அதன் பெயரே இல்லை.

1946இல் சென்னையில் தொடங்கிய நேதாஜி விளையாட்டுக் கழகமே தன் வேர் என்று இந்தக் கழகம் சொல்லிக்கொண்டது. நாம் பேசப்போகும் கழகம் உண்மையில் 2016இல் பிறந்தது. அந்தப் பிறப்பைப் புரிந்துகொள்ள இந்திய உதைபந்தாட்டம் அப்போது எப்படி இரண்டாகக் கிழிந்து கிடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

1996இல் தேசிய லீக் தொடங்கியது. 2007இல் அது ஐ-லீக் ஆனது. 2010 டிசம்பரில் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு 15 ஆண்டுக்கு ஓர் ஒப்பந்தம் போட்டது. பெறுமதி 700 கோடி இந்திய ரூபா. அதன் விளைச்சல்தான் 2014இல் வந்த இந்தியன் சூப்பர் லீக். சினிமா நட்சத்திரங்களும் கிரிக்கெட் வீரர்களும் பங்குதாரர்கள். நகரத்துக்கு ஓர் அணி. ஆண்டுக்கு 15 கோடி அளவில் உரிமக் கட்டணம். தோற்றாலும் கீழே இறக்கமில்லை, வெளியே நிற்கிறவன் எத்தனை வென்றாலும் உள்ளே ஏற்றமில்லை. சென்னைக்குக் கிடைத்தது சென்னையின் எப்.சி.; அபிஷேக் பச்சனும் தோனியும் அதன் உரிமையாளர்களில் இருவர். அந்த அணி 2015இலும் 2018இலும் பட்டம் வென்றது. நகரத்தின் பேரும் புகழும் தொலைக்காட்சியும் அவர்களுடையதாயின.

மறுபக்கம் பழைய ஐ-லீக் மெலிந்துகொண்டே போனது. 2010இல் மகிந்திரா யுனைற்றட் கலைந்தது. 2011இல் ஜே.சி.ரி. கலைந்தது. 2016இல் கோவாவின் பெருங்கழகங்களான டெம்போ, சல்காவ்கர், ஸ்போர்ட்டிங் மூன்றும் இந்த லீக்குக்கு எதிர்காலம் இல்லையென்று விலகிக்கொண்டன. காலியான இடங்களை நிரப்பச் சம்மேளனம் கேள்விமனு கோரியது. பணம் கட்டி நேரே உள்ளே வரலாம், கீழ்ப் பிரிவில் ஆடித் தேற வேண்டியதில்லை. 2016–17 பருவத்துக்கு அந்த வாசலால் வந்தவர்கள் இருவர்: பஞ்சாப்பிலிருந்து மினெர்வா, தமிழ்நாட்டிலிருந்து ரோஹித் ரமேஷ் என்ற தொழிலதிபரின் சென்னை சிற்றி. இந்த இரண்டு பெயரையும் சேர்த்தே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வாசலால் வந்த இரண்டும் போன வழி வேறு வேறு.

முதல் இரண்டு பருவமும் சென்னை சிற்றிக்குச் சிறப்பாக எதுவும் இல்லை. பத்து அணிகளில் எட்டாம் இடம், மறுபடியும் எட்டாம் இடம். ஆனால் இரண்டாம் பருவத்துக்குள் ஒரு கதை இருக்கிறது. மன்னார்க் கரைக்காரர் அதை இன்னும் கொஞ்சம் ஆறுதலாகக் கேட்கலாம்.

கேரள எல்லையை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டக் கரையில் இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டுக் கிராமங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. எல்லாம் கத்தோலிக்க மீனவக் கிராமங்கள். ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர்கள் என்று இந்தியக் கரை முழுக்கப் பெயரெடுத்தவர்கள். பக்கத்திலே கோயில், கோயிலுக்குப் பக்கத்திலே மணல், மணலிலே பந்து. மன்னார்ப் பள்ளிமுனையாருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. வெளியூரார் பள்ளிமுனைக்குப் பெருக்கமரம் பார்க்க வருகிறார்கள். அதன் பத்தொன்பதரை மீற்றர் சுற்றளவைப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். உதைபந்தாட்டக்காரருக்குப் பள்ளிமுனை என்றால் சென் லூசியாஸ் கழகம்தான். கோயிலின் பெயரும் கழகத்தின் பெயரும் ஒன்றாயிருக்கிற ஊர்களுக்கு, ஒரு கழகம் எப்படிச் சாகும் என்பதை நினைத்துப் பார்ப்பதே கொஞ்சம் சிரமம்.

இரவிபுத்தன்துறையிலிருந்து வந்தவர் மைக்கேல் சூசைராஜ். இடது காலால் பந்தை இழுத்துக்கொண்டு உள்ளே வெட்டுகிற நடுக்கள வீரர். அவருடைய சகோதரர் மைக்கேல் ரெஜினும் இதே கழகத்துக்கு ஆடியவர். 2017–18 பருவம் நவம்பர் 25ஆம் திகதி தொடங்கியது. அடுத்த வாரமே, 29, 30ஆம் திகதிகளில், ஒக்கிப் புயல் அந்தக் கரையை அடித்தது. எச்சரிக்கை வருமுன் ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்கள் சிக்கினார்கள். தூத்தூர் வட்டாரக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. உடல்கூடக் கிடைக்காமல் மாதக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. லீக் அட்டவணை அதற்காக நிற்கவில்லை. புயல் போய் ஐந்தாவது வாரம், 2018 ஜனவரி 2ஆம் திகதி, சென்னை சிற்றி கொல்கத்தாவில் மோகன் பகானை அதன் சொந்த மைதானத்தில் 2–1 என்று தோற்கடித்தது. ஒரு கோல் சூசைராஜுடையது. அன்றைக்கே மோகன் பகானின் பயிற்றுவிப்பாளர் சஞ்சய் சென் பதவியை விட்டு விலகினார். அட்டவணையின் அடியில் கிடந்த அணியொன்று நூற்றாண்டு கடந்த கழகத்தின் பயிற்றுவிப்பாளரை வீட்டுக்கு அனுப்பியதென்றால் சின்ன விசயமில்லை.

அந்தப் பருவத்தின் சிறந்த நடுக்கள வீரர் என்ற விருதும் சூசைராஜுக்கு வந்தது. விருதுக்குப் பின்னாலேயே சூப்பர் லீக்கின் ஜம்ஷெட்பூர் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. இந்தக் கழகத்தின் வரலாறு முழுவதும் இனி இதேதான் நடக்கும். ஆட்களுக்கு ஏணி இருந்தது, கழகத்துக்குத்தான் இல்லை.

2018இல் பயிற்றுவிப்பாளராக அக்பர் நவாஸ் வந்தார். சிங்கப்பூர்க்காரர், தம்பினிஸ் ரோவர்ஸ் கழகத்தை முன்பு நடத்தியவர். இந்தியக் கழகங்கள் அந்நாட்களில் வெளிநாட்டு வீரர் வேண்டுமென்றால் இங்கே ஏற்கெனவே பழகிய ஆபிரிக்க முன்கள வீரர்களைத்தான் பெரும்பாலும் தேடுவார்கள். நவாஸ் வேறு இடத்தில் தேடினார். ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில், பெரிய பணமில்லாமல், ஆனால் பந்தைக் காலில் வைத்து விளையாடப் பழகிய வீரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டியோ, சாந்த்ரோ ரொட்ரிகஸ், ரொபேர்ட்டோ எஸ்லாவா என்று நால்வர் கோவைக்கு வந்தனர். அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் போன்ற தமிழ்நாட்டுப் பையன்கள். என்னைக் கேட்டால் அந்தப் பருவத்தின் உண்மையான வெற்றி இந்தத் தெரிவில்தான் இருந்தது. பணத்தில் பத்தாவது இடத்தில் நிற்கிற கழகம் சந்தையில் யாரும் பார்க்காத மூலையைப் பார்த்தது.

மான்சி முதல் ஆட்டத்திலேயே இந்தியன் அரோஸ் அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். பருவம் முடியும்போது அவருடைய கணக்கு 21. சேர்ச்சில் பிரதர்ஸின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து லீக்கின் முதலிடம். அணி பந்தைத் தட்டித் தட்டி நகர்த்துகிறதைப் பார்க்கக் கோவையில் கூட்டம் சேர்ந்தது. சுவிற்சர்லாந்தின் எப்.சி. பாசெல் கழகம் 26 வீதப் பங்கை வாங்கியது. ரொஜர் பெடரர் ஆதரிக்கிற கழகம் என்பதால் பத்திரிகைகள் அந்தச் செய்தியை அரைப்பக்கத்துக்கு இழுத்தன. ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக்கில் ஆடிய கழகமொன்று தமிழ்நாட்டு அணியொன்றில் காசு போடுகிறதென்றால் எவருக்குத்தான் நம்பிக்கை வராது?

இறுதி நாள் 2019 மார்ச் 9, சனிக்கிழமை. கையில் 40 புள்ளிகளோடு சென்னை சிற்றி, 39 புள்ளிகளோடு ஈஸ்ட் பெங்கால். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம்: கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் கோகுலம் கேரளாவும், கோவையில் சென்னை சிற்றியும் மினெர்வாவும். மினெர்வா முந்திய ஆண்டின் சம்பியன். ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடத்திலேயே மினெர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். கோழிக்கோட்டில் கோகுலமும் முன்னால் போனது, ஆனால் ஈஸ்ட் பெங்கால் திருப்பி அடித்து 2–1 என்று வென்றுவிட்டது. அதாவது கோவையில் சமநிலை போதாது, வென்றேயாக வேண்டும். இடைவேளைக்குப் பின் கிடைத்த தண்ட உதையை மான்சி உள்ளே போட்டார். பிறகு கிண்ணத்தைக் கொண்டுவந்தவர் ஸ்பானியருமில்லை, தமிழருமில்லை. அசாமிலிருந்து வந்த பின்வரிசை வீரர் கௌரவ் போரா 69ஆவது நிமிடத்தில் ஒன்றும், ஆட்டம் முடியும் தறுவாயில் இன்னொன்றும் அடித்தார். 3–1. நாற்பத்து மூன்றுக்கு நாற்பத்திரண்டு. தேசிய லீக் தொடங்கிய நாளிலிருந்து தமிழ்நாட்டுக் கழகம் எதுவும் தொடாத கிண்ணம் அது.

சரி, வென்றாகிவிட்டது. அடுத்தது என்ன?

உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் இந்தக் கேள்விக்குப் பதில் சுலபம். இந்தியாவில் அடுத்த நான்கு மாதத்துக்குள் பதில் மாறிவிட்டது. அதுவரை ஐ-லீக் சம்பியனுக்குத்தான் ஆசிய சம்பியன்ஸ் லீக்கின் தகுதிகாண் ஆட்டம் கிடைக்கும். 2019 ஜூலையில் சம்மேளனத்தின் செயற்குழு சூப்பர் லீக்கையே நாட்டின் முதல்நிலை லீக்காக்கப் பரிந்துரைத்தது. ஆசியக் கூட்டமைப்பு அக்டோபரில் கோலாலம்பூரில் ஒரு பாதைத்திட்டம் போட்டது: 2022–23 பருவத்திலிருந்து ஐ-லீக் சம்பியன் உரிமக் கட்டணமில்லாமல் மேலே ஏறலாம். ஏணி வைக்கப்பட்டது உண்மை. ஆனால் 2019இன் சம்பியனுக்கு அதில் இடமில்லை. ஐ-லீக் முதல்நிலையாயிருந்த காலத்தின் கடைசிச் சம்பியனாகச் சென்னை சிற்றி ஆனது, அவ்வளவுதான்.

பட்டம் வென்ற அணி ஒரு வருடத்துக்குள் உதிர்ந்தது. வான்ஸ்பால் சென்னையினுக்கு. கோர்டியோ ஹைதராபாத்துக்கு. போரா ஒடிசாவுக்கு. 2020 ஜனவரியில் மான்சி யப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்கு. அடுத்து ரொமாரியோ கோவாவுக்கு, அஜித்குமார் பெங்களூருக்கு. அதே ஜனவரியில் ஆசிய சம்பியன்ஸ் லீக் தகுதிகாண் ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிபா கழகத்திடம் 0–1 என்று தோல்வி. மார்ச் 11ஆம் திகதி ஏ.எப்.சி. கிண்ணப் பிரிவு ஆட்டத்தில் மாலைதீவின் மாசியாவோடு சமநிலை. அத்தோடு கொரோனா வந்து உலகத்தையே மூடியது. அந்தச் சுற்றுப்போட்டியே பிறகு கைவிடப்பட்டது.

ஒரு பட்டத்தின் பெறுமதி அதை வைத்து அடுத்த ஆண்டு என்ன சம்பாதிக்கலாம் என்பதில் இருக்கிறது. தொலைக்காட்சிப் பணமில்லை, மேல் லீக்கில்லை, சொந்த நகரத்து ரசிகருமில்லை. சென்னையில் சென்னையின் இருந்தது. கோவையோ அணியின் பெயரிலேயே இல்லை. வைரசுக் காலத்தில் 2020–21 பருவம் முழுவதும் வங்காளத்தில் மூடிய வளையத்துக்குள் நடந்ததால் கோவைக் கூட்டமும் போனது. கழகம் இன்னொரு சிங்கப்பூர்க்காரரான சத்தியசாகராவை வைத்து இளம் வீரர்களோடு அந்தப் பருவத்தைத் தாண்டியது. அதற்குள் சம்பளப் பாக்கி என்ற முறைப்பாடுகள் சம்மேளனத்தின் மேசைக்கு வந்துவிட்டன. 2021–22 பருவத்துக்கான கழக உரிம நிபந்தனைகளைச் சென்னை சிற்றி நிறைவேற்றவில்லை. அதன் இடம் மும்பையின் கெங்ரே எப்.சி.க்குக் கொடுக்கப்பட்டது. பிரியாவிடை ஆட்டம், கடைசிக் கூட்டம், கொடி இறக்கம் எதுவுமில்லை. பட்டியலில் ஒரு பெயர் போய் இன்னொரு பெயர் வந்தது.

உதைபந்தாட்டத்துக்கு வெளியே இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான், பேஸ்போலில். நமக்கு அந்த விளையாட்டோடு அதிகம் பழக்கமில்லை. யப்பான் உதவியோடு ஹோமாகம பக்கம் தியகமவில் 2012இல் திறந்த மைதானம்தான் இலங்கையில் அதன் பெரிய அடையாளம். அமெரிக்காவில் கீழ்நிலை பேஸ்போல் அணிகள் பெரிய கழகங்களின் பண்ணைகள். பெரிய கழகம் வீரனுக்குச் சம்பளம் கொடுக்கும், பழுத்ததும் பறித்துக்கொள்ளும். 1973இல் ஒரேகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் பிங் ரசல் என்ற நடிகர் எந்தப் பெரிய கழகத்தோடும் சேராமல் மாவெரிக்ஸ் என்று ஓர் அணி தொடங்கினார். யாரும் வந்து தெரிவுக்கு நிற்கலாம் என்று அறிவித்தார். மற்றவர்கள் கழித்துவிட்டவர்கள் வந்தார்கள். பிங்கின் மகன் கேர்ட் ரசல்கூட ஆடினார், பின்னாளில் ஹொலிவூட்டில் அப்பாவைவிடப் பெரிய நடிகரானார். 1977இல் 44 வெற்றி, 22 தோல்வி. நகரம் கூட்டம் கூட்டமாக வந்தது. அப்படிக் கூட்டம் வருகிறதைக் கண்டதும், முன்பு போர்ட்லண்டை விட்டுப் போயிருந்த, பெரிய லீக்குக்கு ஒரு படி கீழான லீக் நகரத்தைத் திருப்பிக் கேட்டது. பேஸ்போல் சட்டப்படி ஒரு நட்டஈட்டைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் 26,000 டொலர் தருவதாகச் சொன்னார்கள். பிங் ரசல் 206,000 கேட்டு நடுவர் மன்றத்தில் வாதாடி வென்றார். பணம் வந்தது, அணி போனது.

மாவெரிக்ஸுக்காவது ஒரு விலை கிடைத்தது. பேஸ்போலில் ஊர் என்பது எழுத்திலே உள்ள சொத்து. அதைப் பறிப்பவன் பணம் கட்ட வேண்டும். சென்னை என்ற நகரம் ஒரு லீக்குக்கு விற்கப்பட்டபோது அங்கே இன்னொரு லீக்கில் ஆடுகிறவனுக்கு என்ன உரிமை என்று இந்தியாவில் யாரும் எழுதிவைக்கவில்லை. அதனால்தான் ரோஹித் ரமேஷ் மேல் மட்டும் பழியைப் போடுவது எனக்குச் சம்மதமில்லை. சம்பளம் கொடுக்காத கழகத்துக்கு நான் வக்காலத்து வாங்கவும் போவதில்லை; ஆடியவனின் கூலி முதலில். ஆனாலும் கிண்ணம் வென்ற அடுத்த கோடையில் அந்தக் கிண்ணத்தின் தரத்தையே குறைத்தவர்களுக்கும் இந்த மரணத்தில் பங்கு உண்டு.

இந்தக் கரையில் இருந்து பார்க்கும்போது இதெல்லாம் வேறு நாட்டுக் கதையாகத் தோன்றலாம். அப்படி இல்லை. 2021இல் இலங்கையில் சுப்பர் லீக் தொடங்கியபோது இனித் தொழில்முறை வந்துவிட்டது என்று பேசினார்கள். பத்து அணிகள் ஆடின, களுத்துறை புளூ ஸ்டார் பட்டம் வென்றது. 2023 ஜனவரியில் பிபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. அந்தத் தடை நீங்க ஓகஸ்ட் ஆனது. மன்னார் வீரன் காலால் சம்பாதிக்க வேண்டுமென்றால் அப்போதும் இப்போதும் கொழும்புக்குப் போக வேண்டும் அல்லது மாலைதீவுக்குப் போக வேண்டும். தேசிய அணியின் பின்வரிசையில் நின்ற மன்னார் மகன் டக்சன் பியூஸ்லஸ் மாலைதீவின் வலென்சியா கழகத்துக்கு ஆடப் போனவர். 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். இங்கிருந்து கன்னியாகுமரிக் கரை வரை ஏணி ஆளுக்குத்தான் போடப்படுகிறது. கிராமத்துக் கழகம் பையனை வளர்த்து அனுப்பிவிட்டு அடுத்த பையனைப் பார்க்கிறது. அதற்குச் சம்பளப் பட்டியலும் உரிமப் பத்திரமும் இல்லாததால் மூடவும் ஏதுமில்லை.

சூசைராஜ் ஜம்ஷெட்பூரிலிருந்து ஏ.ரி.கே.க்குப் போய் 2020இல் சூப்பர் லீக் பட்டம் வென்றார். அந்த ஆண்டு நவம்பரில் புதிய பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயம் பட்டு நீண்ட நாள் வெளியே இருந்தார். இரண்டு அணி மாறியும் அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயரைத்தான் முதலில் எழுதுகிறார்கள், கழகத்தின் பெயரை அல்ல.

இனி அந்த மற்றக் கழகம். மினெர்வா கைமாறியது, ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்கியது, பெயரும் பஞ்சாப் எப்.சி. ஆனது. கழகம் மூடப்படவில்லை, அவ்வளவுதான் அது செய்த பெரிய காரியம். 2022–23 பருவத்தில் ஐ-லீக்கை வென்றது. கோலாலம்பூரில் எழுதிய பாதைத்திட்டம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. களத்தில் வென்று சூப்பர் லீக்குக்குள் ஏறிய முதல் கழகம் என்ற பெயர் பஞ்சாபுக்குப் போனது. அடுத்த ஆண்டு கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. 2025 ஜூலையில், 15 ஆண்டு ஒப்பந்தம் முடியும் தறுவாயில், சூப்பர் லீக்கின் அடுத்த பருவத்தையே நடத்துநர்கள் நிறுத்திவைத்தார்கள். ஏறியவர்களும் ஏற்கெனவே இருந்தவர்களும் சம்பளத்துக்கு என்ன செய்வதென்று ஒன்றாகக் கையைப் பிசைந்தார்கள்.

அடுத்த பகுதியில் பஞ்சாப்பின் பழைய கதைக்குப் போவோம். பக்வாரா நகரத்தின் துணி ஆலை நடத்திய ஜே.சி.ரி., 1996–97இல் முதல் தேசிய லீக்கை வென்ற கழகம், 2011இல் எப்படிக் கலைந்தது என்று பார்க்க வேண்டும்.